வெட்டி எடுத்த குரல்

ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, ராஜபாளையத்தில் வேலை. பஸ்ஸில் அரை மணி நேரம். உட்கார இடம் கிடைத்தாலும் கம்பியைப் பிடித்து நின்றாலும், டிக்கெட் வாங்கியதும் காதில் இயர்போனை மாட்டிக்கொள்வேன். மற்றவர்கள் பாட்டுக் கேட்பார்கள். நான் கதை கேட்பேன்.

பதிப்புரிமைக் காலம் முடிந்துபோன பழைய தமிழ் நாவல்களை ஆளுக்கு ஆள் வாசித்துப் பதிவு செய்து, யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கேட்கும்படி இணையத்தில் போடுகிற குழு ஒன்று இருக்கிறது. யாருக்கும் சம்பளம் கிடையாது. யாரும் நடிகர்களோ அறிவிப்பாளர்களோ இல்லை. வீட்டில் ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து, போனை முன்னால் வைத்துக்கொண்டு வாசிக்கிறவர்கள். நான் முதலில் அவர்களைச் சும்மா கேட்டுக்கொண்டிருந்தவள்தான். ஒரு நாள் ஒரு நாவலில் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் அடுத்த நிமிடமே பேரனுக்குக் காது குத்திக்கொண்டிருந்தார்கள். வாசித்தவர் நடுவில் சில பக்கங்களை விட்டுவிட்டார் என்று புரிந்து குழுவுக்கு எழுதினேன். அதை ஒருங்கிணைக்கிற தம்பி உடனே பதில் போட்டார்.

“அக்கா, இவ்வளவு கவனமா யாருமே கேக்கிறதில்ல. வெளியிடுறதுக்கு முன்னாடியே நீங்க கேட்டுத் தப்பு சொல்ல முடியுமா?”

அப்படித்தான் நான் பிழை கேட்கிறவள் ஆனேன்.

மில்லிலும் எனக்கு ஏறக்குறைய அதே வேலைதான். நூல் பரிசோதிக்கும் லேப். எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் ராணுவத்திலிருந்து வந்து இப்போது ஒரு பேங்கில் காவலுக்கு இருக்கிறார். நான் காதில் மாட்டிக்கொண்டு நெற்றியைச் சுருக்குவதைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும்.

“பகல் பூரா நூல்ல குத்தம் பாக்கே. சாயங்காலம் வந்து மனுசன் பேச்சுல குத்தம் பாக்கே. எம்புட்டுத்தான் குத்தம் பாப்ப?”

ஆனால் குற்றம் பார்க்கப் போய்த்தான் எனக்கு அவர்களைப் பிடித்துப்போனது. சும்மா கேட்கிறவர்களுக்குக் கதை மட்டும் கேட்கும். பிழை கேட்கிறவளுக்கு ஆளும் கேட்கும். யார் எச்சில் விழுங்குகிறார்கள், யாருக்கு மூக்கடைப்பு, யார் வீட்டுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் எல்லாம் தெரிந்துவிடும். முகம் தெரியாது, வயது தெரியாது, ஆனால் மூச்சு தெரியும்.

யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் பனி கொட்டுகிற ஏதோ நாட்டிலிருந்து வாசிப்பார். பின்னால் ஹீட்டர் மெல்ல இரைந்துகொண்டே இருக்கும். நாங்கள் ‘காத்து’ என்று சொல்லிப் பழகியவர்கள். அவர் ‘காற்று’ என்று நாக்கு நுனியில் நிறுத்திச் சொல்லும்போது அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்பது போலிருக்கும். மெட்ராஸில் கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி ரயிலைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி வாசிப்பாள். கதையில் வேடிக்கையான இடம் வந்தால் அவளுக்கே சிரிப்பு வந்துவிடும். அடக்கிக்கொண்டு வாசிப்பது குரலில் நடுங்கும். ‘இங்கே சிரிப்பு கேட்கிறது, திருத்தவும்’ என்று எழுதியிருக்க வேண்டும். ஒரு தடவைகூட எழுதவில்லை.

இவர்கள் எல்லாரையும் விட எனக்குப் பிடித்தவர் கோபி ஊர்ப் பக்கத்துப் பெரியவர். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று மட்டும் தெரியும். குழுவில் எல்லாரும் ‘ஐயா’ என்போம். குரலை மாற்றி மாற்றிப் பேசுகிற வித்தையெல்லாம் அவரிடம் கிடையாது. ஜமீன்தாரும் வண்டிக்காரனும் சின்னப் பெண்ணும் ஒரே குரலில்தான் பேசுவார்கள். ஆனாலும் யார் பேசுகிறார்கள் என்பதில் ஒரு முறைகூட எனக்குக் குழப்பம் வந்ததில்லை. அவர் ஜன்னலை மூடாமல் வாசிப்பார் போல. மைனா சத்தம் கேட்கும், தூரத்தில் யாரோ தேங்காய் உரிக்கிற சத்தம் கேட்கும்.

அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது அவர் விடுகிற இடைவெளி. மனதைத் தைக்கிற ஒரு வரி வந்தால் அதை வாசித்துவிட்டுச் செத்த நேரம் நிறுத்துவார். மறுபடி மைனா கேட்கும். பொறவுதான் அடுத்த வரி. அந்த இடைவெளியில் நான் பஸ் ஜன்னல் வழியாக மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டு அந்த வரியையே நினைத்துக்கொண்டிருப்பேன். எங்கே நிறுத்த வேண்டும் என்று இவருக்கு எவ்வளவு சரியாகத் தெரிகிறது என்று ஆச்சரியப்படுவேன். ‘புதிதாக வாசிக்க வருகிறவர்கள் ஐயாவின் நிறுத்தங்களைக் கேட்டுப் பழகலாம்’ என்று குழுவில் ஒரு தடவை எழுதியும் இருக்கிறேன். அதற்கு அவர் ஒரு கும்பிடு மட்டும் போட்டார்.

போன வருஷம் அவர் ஒரு பெரிய நாவலை எடுத்தார். ஒரு கூட்டுக் குடும்பத்தின் கதை. மூத்த மருமகள் சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள். அந்த வீட்டுக்காகவே உழைக்கிறாள். பாதிக் கதையில் பாகப்பிரிவினை வருகிறது. கொழுந்தன்மார்களும் ஊர்ப் பெரியவர்களும் கூடத்தில் உட்கார்ந்து, உனக்கு என்னம்மா வேண்டும் என்று பேச்சுக்குக் கேட்கிறார்கள். அவள் “எனக்கு ஒன்றும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே நடக்கிறாள்.

அந்த அத்தியாயத்தைக் காலை பஸ்ஸில் கேட்டேன். உட்கார இடம் கிடைத்திருந்தது. பக்கத்தில் மல்லிகைப்பூப் பையோடு ஒரு அம்மா.

ஐயா அந்த வரியை மிருதுவாக, இறக்கி வாசித்தார். நான் அவருடைய இடைவெளிக்காகக் காத்திருந்தேன். இடைவெளி வரவில்லை. ஒரு பெண் குரல் வந்தது.

“நிறுத்துங்க, நிறுத்துங்க. இதென்ன இப்படிப் படிக்கறீங்க?”

திடுக்கிட்டுப் போனை எடுத்துப் பார்த்தேன். பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“எப்படிப் படிக்கறேன்?” இது ஐயா. ஆனால் எனக்குத் தெரிந்த ஐயா இல்லை. வாசிக்கிறபோது இருக்கிற கம்பீரம் போய், வீட்டில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பேசுகிற குரல்.

“கோயில்ல அர்ச்சனைத் தட்ட நீட்டறாப்பல படிக்கறீங்க. அவ என்ன தருமம் பண்றாளா? வயிறு எரிஞ்சு சொல்றாளுங்க அவ.”

“இல்ல புள்ள. இது பெருந்தன்மை. எழுதினவரே ‘அமைதியாக’ன்னு போட்டிருக்காரு பாரு.”

“அமைதியாச் சொன்னா கோவம் இல்லைன்னு ஆயிருமா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து அம்மா பூப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன்.

“நீ சொல்றது கதைக்கு ஒத்து வராது புள்ள. இவ நல்லவ.”

“நல்லவளுக்குக் கோவம் வராதாங்க? தோப்ப உங்க தம்பிக்கு விட்டப்ப நானும் இப்படித்தான சொன்னேன், நமக்கு வேண்டாம், விடுங்கன்னு. அத என்னன்னு நெனச்சீங்க?”

மைனா மட்டும் கத்தியது.

“பெருந்தன்மைன்னுதான்...” என்றார் ஐயா.

“நெனப்பீங்க, நெனப்பீங்க.”

டம்ளரை வைக்கிற சத்தம். யாரோ எழுந்து போகிற சத்தம். எனக்குச் சிரிப்பு போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு அதே வரியை மறுபடி வாசித்தார். “எனக்கு ஒன்றும் வேண்டாம்.” குரல் உயரவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்ட் வந்து, கண்டக்டர் “இறங்குங்கம்மா” என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் எழுந்தேன்.

இந்தப் பகுதியை வெட்ட மறந்துபோய் அனுப்பிவிட்டார் என்பது தெளிவு. என் வேலை அதைக் குறித்துச் சொல்வது. மத்தியானம் சாப்பிட்ட பிறகு லேப் வாசலில் நின்று மறுபடி ஒரு தடவை கேட்டேன். சரிபார்க்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு அவருக்கு மட்டும் எழுதினேன். ‘ஐயா, நடுவில் கொஞ்சம் வீட்டுப் பேச்சு பதிவாகியிருக்கிறது. அதை நீக்கிவிடுங்கள். அந்த வரியை இரண்டு விதமாக வாசித்திருக்கிறீர்கள். இரண்டாவதையே வைக்கலாம். மிக நன்றாக இருக்கிறது.’

‘மன்னிக்கவும். நீக்கிவிட்டேன்’ என்று சாயங்காலம் பதில் வந்தது.

அதற்குப் பிறகு வந்த அத்தியாயங்களில் ஒரு மாற்றம் இருந்தது. முதலில் எனக்கு என்னவென்று பிடிபடவில்லை. பிழை ஒன்றுமில்லை. முன்பு ஒரு வாரத்துக்கு ஒன்று வந்துகொண்டிருந்தது, இப்போது இரண்டு மூன்று வந்தன. சத்தமே இல்லாமல், தடங்கலே இல்லாமல், தண்ணீர் மாதிரி ஓடின. நான் எழுத ஒன்றுமே இல்லை. ஆனால் கேட்டு முடித்தால் மனதில் எதுவும் நிற்கவில்லை. அந்த மருமகள் பிள்ளையைக் காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு இருக்கிற இடம்கூட, பஸ் நிற்காத நிறுத்தம் மாதிரி கடந்து போனது. அப்போதுதான் புரிந்தது. அவர் நிறுத்துவதை விட்டுவிட்டார்.

எனக்கு என்னவெல்லாமோ தோன்றியது. ஐயா வீட்டு அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்றுகூட. எழுதிக் கேட்டேன். ‘உடம்புக்கு ஒன்றுமில்லையே ஐயா? பழைய நிதானம் காணோமே?’

‘எல்லாரும் நலம். முன்பெல்லாம் வெட்டி ஒட்டுவேன். இப்போது வெட்ட ஒன்றும் இல்லை’ என்று பதில் போட்டார்.

அதை எத்தனை தடவை படித்தும் விளங்கவில்லை. ஒருங்கிணைக்கிற தம்பியிடம் சொல்லி, ஐயாவிடம் கேட்டு, அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டேன். எடுத்தவர் தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

“அது ஒண்ணுமில்லீங்கம்மிணி. நான் படிக்கறப்ப எப்பவும் வீட்டுக்காரி பக்கத்துல உக்காந்திருப்பா. அவளுக்குப் பள்ளிக்கூடப் படிப்பு அவ்வளவா இல்லீங்க, ஆனா கதை கேக்கறதுல ஆசை. கேட்டுட்டுச் சும்மா இருக்க மாட்டா. ஏன் அப்படிச் சொன்னான், இவளுக்கு என்ன கிறுக்கா, நானா இருந்தா இப்படிப் பண்ணியிருப்பேன்னு ஏதாவது சொல்லிட்டே இருப்பா. பதில் சொல்லாம விட முடியாதுங்க. அப்புறம் உக்காந்து அவ பேசினது, நான் பேசினது எல்லாத்தையும் வெட்டி எடுப்பேன். அதுக்கே ஒரு வாரம் ஆயிரும். வெட்டின எடத்துல கொஞ்சம் பேச்சில்லாம வெத்தா விட்டு ஒட்டுவேன். நீங்க குழுவுல எழுதுனீங்கல்ல, நான் நிறுத்தி நிறுத்திப் படிக்கறேன்னு. எனக்கு வெக்கமாப் போச்சுங்க. அது நான் விட்ட எடம் இல்லீங்களே.”

எந்த வரி தைக்கிறது, எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானித்தது அந்த அம்மா. நான் பஸ்ஸில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை இடைவெளியிலும் அவர் பேசியிருக்கிறார்.

“இப்ப ஏன் உக்கார்றதில்ல?” என்று கேட்டேன்.

“நீங்க எழுதினதச் சந்தோசமாச் சொன்னேனுங்க. நீ சொன்ன மாதிரி படிச்சதுதான் நல்லாருக்குன்னு அந்தம்மா எழுதியிருக்காங்கன்னு. அவ அத விட்டுட்டு, எந்தம்மா, என்னத்தக் கேட்டாங்க, எல்லாத்தையுமான்னு கேட்டா. ஆமான்னேன். அத்தோட சரி. நான் புஸ்தகத்த எடுத்தா கொல்லைக்குப் போயிர்றா.”

போனை வைத்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “வீட்டுக்குள்ள பேசுனத வெளியாளு கேட்டா யாருக்குத்தான் பிடிக்கும்? நீயும் நானும் அடுப்படியில பேசுறத கோபியில ஒருத்தி கேட்டா நீ சும்மா இருப்பியா?” என்றார்.

சும்மா இருக்க மாட்டேன். அதனால்தான் மறு ஞாயிறு மறுபடி கூப்பிட்டு, அம்மாவிடம் கொஞ்சம் கொடுங்கள் என்றேன். தூரத்தில் “எதுக்கு? நான் வரலீங்க” என்று கேட்டது. ஐயா ஏதோ கெஞ்சினார். ரொம்ப நேரம் கழித்து மூச்சு கேட்டது. அந்த மூச்சு எனக்குப் பழக்கமான மூச்சு இல்லை.

“சொல்லுங்க” என்றார்.

“அம்மா, நான் முழுசும் கேட்டேன். பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு தடவை கேட்டேன்.”

போனை இன்னொரு கைக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது. நான் விடவில்லை.

“எனக்கும் நீங்க சொன்னதுதான் சரின்னு பட்டுச்சு. அவளுக்குக் கோவந்தான்.”

“அதுல என்னங்க சந்தேகம்?” குரல் உடனே நிமிர்ந்துவிட்டது. “அத்தன பேரு ஒக்காந்துட்டு, உனக்கு என்ன வேணும்னு கேக்கறாங்க. குடுக்கறதா இருந்தா கேப்பாங்களா? கேட்டதே குடுக்காம இருக்கத்தான. அவளுக்கு அது தெரியாதா?” சட்டென்று நிறுத்திக்கொண்டார். பிறகு மெதுவாக, “அந்தத் தோப்பு விசயமெல்லாம் ஊருக்குப் போயிருச்சாங்க?” என்றார்.

“யாருக்கும் போகலம்மா. ஐயா வெட்டித்தான் போட்டிருக்காரு. நான் மட்டுந்தான் கேட்டேன்.”

“நீங்க மட்டும் கேட்டாலும் கேட்டதுதானங்க.”

அது நியாயம். அவர் வீட்டில் ஒன்றை நான் கேட்டுவிட்டேன். பதிலுக்குக் கொடுக்க என்னிடம் என் வீட்டில் இருந்து ஒன்றுதான் இருந்தது. மில்லில் லேப் பொறுப்பு எனக்கு வர வேண்டியது, எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவருக்குப் போனதைச் சொன்னேன். மேனேஜர் கூப்பிட்டு வருத்தம் ஒன்றுமில்லையே என்று கேட்டார். ‘பரவால்ல சார், எனக்கும் வீட்டு வேலை இருக்கு’ என்றேன். அவர் நிம்மதியாகச் சிரித்தார். அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது டிக்கெட்டைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரிடம்கூட அதை நான் சொன்னதில்லை.

அந்த அம்மா குறுக்கே பேசவே இல்லை. நான் முடித்ததும் சொன்னார்.

“நெனச்சேன். இந்த வரியப் பத்தி மெனக்கெட்டு எழுதறவங்கன்னா, அவங்களும் எங்கியோ வேண்டாம்னு சொல்லியிருப்பாங்கன்னு.”

அதன் பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பொதுவாகப் பேசினோம். உங்க ஊர்ல மழையா, மில்லில் எத்தனை மணிக்கு விடுவாங்க என்று கேட்டார். போனை வைக்கப் போகிற நேரத்தில், “அந்தப் பேச்ச அழிச்சுப்போட்டீங்களா?” என்றார்.

“இல்லம்மா. இன்னைக்கே அழிச்சிருதேன்.”

“அழிக்கறதுக்கு முந்தி எனக்கு ஒருக்கா அனுப்புங்க. என்ற சொந்தக் குரல நான் கேட்டதே இல்லைங்க.”

அவர் குரலை ஐயா எத்தனையோ வாரங்களாக, வார்த்தை வார்த்தையாகக் கேட்டுக் கேட்டு வெட்டியிருக்கிறார். ஆனால் அம்மாவுக்குப் போட்டுக் காட்ட யாருக்கும் தோன்றவில்லை. அந்தத் துண்டை மட்டும் பிரித்து அனுப்பினேன். மறுநாள் நான் லேப்பில் இருக்கும்போது போன் வந்தது. ஐயாவின் நம்பர். பேசியது அம்மா.

“நான் இப்படியா கத்தறேன்? காட்டுக்குள்ள மாடு ஓட்றாப்பல இருக்குதுங்க.” பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, “ஆனா நான் சொன்னது சரி. மறுபடியும் கேட்டேன். சரியாத்தான் சொல்லியிருக்கேன்” என்றார்.

“இப்ப அழிச்சிரட்டுமாம்மா?”

“அழிச்சுருங்க. என்றகிட்ட இருக்குதல்ல.”

அப்போதே அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அழித்தேன்.

அடுத்த அத்தியாயம் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அந்த மருமகளின் பிள்ளை வளர்ந்து, படிப்புக்குப் பட்டணம் போகிறான். வண்டி தெரு முனை திரும்புகிற வரைக்கும் அவள் வாசலில் நிற்கிறாள். அந்த வரியை வாசித்துவிட்டு ஐயா நிறுத்தினார். நல்ல நீளமான நிறுத்தம். அதில் மைனாவோடு, வெட்டி எடுத்த குரலும் இருப்பது இப்போது எனக்குத் தெரிந்தது. அம்மா என்ன பேசியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். மகனை அனுப்பியதைத் திட்டியிருப்பாரா, அனுப்பியதுதான் சரி என்று சொல்லியிருப்பாரா? கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் இல்லை. அது அவர்கள் இரண்டு பேருக்குள்ளேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாவல் முடிந்து வெளிவந்த பிறகு, அவர்கள் ஊர்க்காரர்களோடு வேன் பிடித்துக் கோயில் சுற்றுலா வந்தார்கள். பழநி, மதுரை, அப்படியே ஸ்ரீவில்லிபுத்தூர். ஒரு மணி நேரம்தான் இங்கே நிற்பார்கள் என்று அம்மா போனில் சொன்னார். மில்லில் அரை நாள் பெர்மிஷன் போட்டுவிட்டுக் கோயிலுக்கு முன்னால் தேர் நிற்கிற இடத்தில் போய் நின்றேன்.

அம்மாவை உடனே தெரிந்தது. வேனிலிருந்து இறங்கும்போதே யாரிடமோ “செருப்ப இங்கியே விட்டுப்போட்டு வாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். குட்டையான, வேகமான மனுஷி. பின்னால் வந்தவர் ஒல்லியாக, சட்டையைக் கழுத்து வரைக்கும் பட்டன் போட்டு, கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு இருந்தார். நான் கும்பிட்டேன். “வணக்கமுங்க” என்றார். அவ்வளவுதான். அந்தக் குரல் யாருடையதாக வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். இத்தனை காலம் என் காதுக்குள் நாவல் நாவலாக வாசித்தவர் இவர்தானா என்று இருந்தது. மனதுக்குள் ஒரு சின்ன ஏமாற்றம் வந்ததை மறைக்க, பால்கோவா வாங்கித் தருகிறேன் என்று கடைப் பக்கம் கூட்டிப் போனேன்.

ஐயா இரண்டடி பின்னால் வந்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

“தோப்பப் பத்திக் கேட்டாருங்க” என்றார் தாழ்ந்த குரலில். “போன மாசம். சாப்பிட்டுட்டு இருக்கறப்ப. அன்னிக்கு உனக்கு நெசமாலுமே கோவமா புள்ளன்னு. இத்தன வருசம் கழிச்சு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஆமாங்கன்னேன். சோத்துல கை வெச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தாரு. போன தோப்பு வரப் போகுதாங்க? ஆனா கேட்டாரல்ல.”

அவர் முகத்தில் அழுகையும் இல்லை, பெரிய சந்தோஷமும் இல்லை. வெகு நாள் சாய்ந்து கிடந்த கதவை யாரோ கீல் மாட்டி நிறுத்திவிட்டது மாதிரி ஒரு தெளிவு. நான் ஏதாவது சொல்வதற்குள், பின்னாலிருந்து கணீரென்று ஒரு குரல் எழுந்தது.

“‘இவ்விடத்தில் வாகனங்களை நிறுத்துவது முற்றிலும் தடை செய்யப்பட்டுள்ளது. மீறுவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.’”

அதே குரல். எழுத்துக்கு எழுத்து அதே அழுத்தம், அதே கம்பீரம். பைக்கைச் சுவரோரம் நிறுத்திக்கொண்டிருந்த ஒருவர் பதறிப்போய்த் திரும்பிப் பார்த்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். ஐயா ஒன்றும் அறியாதவராகச் சுவரில் இருந்த போர்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இப்படித்தானுங்க” என்றார் அம்மா. “எழுத்தக் கண்டா உட மாட்டாரு. பழநியில இருந்து இங்க வர்ற வரைக்கும் வழியில இருக்கற அத்தன போர்டும் படிச்சுட்டாரு. வேன்ல ஒருத்தரும் தூங்கல.”

நான் சிரித்த சிரிப்பில் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஐயாவும் கூச்சத்தோடு சிரித்தார். பால்கோவாப் பெட்டியைக் கையில் கொடுத்ததும் அதன் மேலிருந்ததையும் வாசிக்க ஆரம்பித்தார். அம்மா பெட்டியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

வேன்காரர் ஹாரன் அடித்தார். ஏறுவதற்கு முன்னால் அம்மா சொன்னார், அடுத்த புஸ்தகத்தைத் தாமே தேர்ந்தெடுப்பாராம், அழுகைக் கதை வேண்டாமாம், திருடனோ துப்பறிகிறவனோ வருகிற கதை எதுவானாலும் பார்த்து அனுப்பச் சொன்னார். ஐயா ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து கும்பிட்டார். வேன் கிளம்பி, வெயிலில் தெரு முழுக்கத் தூசி எழுந்தது. நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன், மத்தியான வேலைக்குப் போக.